சோற்றைக் குறை என்கிறார்கள். தட்டில் வேறென்ன இருக்கிறது?

கர்ப்பிணிக்குச் சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்ததும் அவள் கையில் ஒரு தாள் கொடுக்கப்படுகிறது. காலையில் ஓட்ஸ் அல்லது இரண்டு சப்பாத்தி, பதினொரு மணிக்கு ஓர் ஆப்பிள், மதியம் ஒரு கப் சோறு, இரண்டு கப் காய்கறி, ஒரு கப் தயிர், மாலையில் ஐந்து பாதாம், இரவு மீண்டும் சப்பாத்தி. சேரிகளிலும் நகரத்தின் மறுகுடியமர்வுப் பகுதிகளிலும் வேலை செய்யும் நாங்கள் இப்படியான தாள்களை நிறையப் பார்த்திருக்கிறோம். பல வீடுகளில் அது அரிசி டப்பாவுக்கு மேலே மடித்து வைக்கப்பட்டிருக்கும். யாரும் அதைக் கிழித்துப் போடுவதில்லை. யாராலும் அதன்படி சாப்பிடவும் முடிவதில்லை.

இந்தத் தாளை எழுதியவர்களுக்கு உள்நோக்கம் எதுவும் இருந்திருக்காது. ஆனால் அதில் சாதி இருக்கிறது. யாருடைய அடுப்பங்கரையை மனதில் வைத்து அது எழுதப்பட்டதோ அந்த அடுப்பங்கரை நம்முடையது அல்ல. கர்ப்பகாலச் சர்க்கரை நோயை "வாய்க் கட்டுப்பாடு இல்லாததால் வந்தது" என்று பேசுவது எளிது. அப்படிப் பேசும்போது கூலி, நிலம், ரேஷன், வேலை நேரம், நம் உணவின் மீது சுமத்தப்பட்ட இழிவு என எல்லாமே கண்ணிலிருந்து மறைந்துவிடுகின்றன. அவற்றைத் திரும்பக் கண்ணுக்குக் கொண்டுவருவதற்கே இந்தக் கட்டுரை.

நோய் எப்படி வருகிறது?

முதலில் அறிவியலைச் சரியாகப் புரிந்துகொள்வோம். களத்துக்குப் போகும் தோழர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

கர்ப்பத்தின் பிற்பாதியில் நஞ்சுக்கொடி சில ஹார்மோன்களைச் சுரக்கிறது. குழந்தைக்குச் சத்து தடையில்லாமல் போய்ச்சேர வேண்டும் என்பதற்காகத் தாயின் உடலில் இன்சுலின் வேலை செய்வதை அவை மட்டுப்படுத்துகின்றன. இது எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் நடப்பதுதான். கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து ஈடுகட்டிவிட்டால் சிக்கல் இல்லை. ஈடுகட்ட முடியாமல் போகும்போது இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. அந்தச் சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குப் போகிறது. குழந்தை அளவுக்கு மீறிப் பருக்கலாம், பிரசவம் சிக்கலாகலாம், தாய்க்கு இரத்த அழுத்தம் ஏறலாம், பிறந்ததும் குழந்தையின் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். கவனிக்காமல் விட்டால் குழந்தை வயிற்றிலேயே இறந்து பிறக்கும் ஆபத்தும் உண்டு.

சிகிச்சை எடுத்தால் பலன் இருக்கிறதா? இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் நடந்து 2005இல் வெளியான ஓர் ஆய்வில், உணவு ஆலோசனையும் சர்க்கரைக் கண்காணிப்பும் தேவைப்பட்டால் இன்சுலினும் பெற்ற தாய்மார்களின் குழந்தைகளில் கடுமையான பாதிப்பு 1 விழுக்காடு. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களிடம் அது 4 விழுக்காடு. ஆக, இது விதி அல்ல; தடுக்கக்கூடியது.

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு நல்ல வரலாறு உண்டு. சென்னையைச் சேர்ந்த மருத்துவர் வீ. சேஷய்யாவும் அவரது குழுவினரும் 2005 முதல் 2007 வரை தமிழ்நாட்டில் நடத்திய ஆய்வில், கர்ப்பகாலச் சர்க்கரை நகரத்தில் 17.8, சிறுநகரத்தில் 13.8, கிராமத்தில் 9.9 விழுக்காடு எனத் தெரியவந்தது. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்ற ஏற்பாடு நாட்டிலேயே முதலில் வந்தது இங்கேதான். அவர் முன்வைத்த முறையில் வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. எப்போது வந்தாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை இரத்தம் கொடுத்தால் போதும். 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. மத்திய அரசின் வழிகாட்டுதலும் இதையே ஏற்றுக்கொண்டிருக்கிறது. முதல்முறை பரிசோதனைக்கு வரும்போதே ஒன்று, 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொன்று.

பஸ் ஏறி வரும் கூலிப்பெண்ணால் பட்டினியோடு காத்திருக்க முடியாது என்பதை உணர்ந்து வகுக்கப்பட்ட முறை இது. பரிசோதனையில் காட்டிய இந்த அக்கறை, பரிசோதனைக்குப் பிறகு தரப்படும் உணவு ஆலோசனையில் ஏன் காணாமல் போகிறது என்பதே எங்கள் கேள்வி.

ஒல்லியான பெண்ணுக்கும் சர்க்கரை

"நான் தின்னு கொழுத்தா போயிட்டேன், எனக்கு எப்படிக்கா சுகர் வரும்?" இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கிறோம். நியாயமான கேள்வி. பதில் அவளுடைய தட்டில் மட்டும் இல்லை. அவளுடைய அம்மாவின் தட்டிலும் பாட்டியின் தட்டிலும் இருக்கிறது.

கருவில் இருக்கும்போது சத்துக் குறைவாகக் கிடைத்த குழந்தை, பிழைப்பதற்காகத் தன் உடலைச் சிக்கனமாக வடிவமைத்துக்கொள்கிறது, பிற்காலத்தில் அந்த உடலே சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் எளிதில் ஆட்படுகிறது என்ற கருத்தை இங்கிலாந்தின் டேவிட் பார்க்கர் முன்வைத்தார். புனேயில் மருத்துவர் யாஜ்னிக் குழு செய்த ஆய்வு இதை நம் மண்ணில் காட்டியது. அங்கே கிராமத்தில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. நம் குழந்தைகளிடம் தசை குறைவு. கொழுப்போ அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. இப்படிப் பிறக்கும் பெண் குழந்தைதான் வளர்ந்து கர்ப்பிணியாகிறாள். ஏற்கெனவே தசை குறைந்த உடல், கர்ப்பத்தின் சுமையைத் தாங்கும் அளவுக்கு இன்சுலின் சுரக்க முடியாமல் திணறுகிறது.

இதைச் சாதியோடு சேர்த்துப் படியுங்கள். சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதி முழுக்க நம் பாட்டிகள் பண்ணை வேலையில் கர்ப்பத்தோடு நாற்று நட்டவர்கள். கூலியாக அளந்த நெல்லில் பதர் கலந்திருக்கும். கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் முடிவில்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். வயிற்றுக்கு என்ன கிடைக்கும் என்பது இந்த மண்ணில் எப்போதும் சாதி தீர்மானித்த விஷயம். அந்தப் பசி ஒரு தலைமுறையோடு முடிந்துவிடவில்லை. உடலுக்குள் புகுந்து பேத்தி வரை வந்திருக்கிறது. ஆகவே நம் பெண்ணின் சர்க்கரையை அவளுடைய நாவின் குற்றமாக எழுதுவது, வரலாற்றின் கடனை அவள் கணக்கில் எழுதுவதற்குச் சமம்.

இதனால் "மரபணு, ஒன்றும் செய்ய முடியாது" என்று யாரும் சோர்ந்துவிடக் கூடாது. நாங்கள் சொல்வது அதற்கு நேர்மாறானது. சத்துக் குறைவு உருவாக்கியதை, சத்தான உணவு ஒன்றிரண்டு தலைமுறையில் மாற்ற முடியும். அதனால்தான் கர்ப்பிணியின் தட்டு அரசியல் பிரச்சினை ஆகிறது.

அரிசியைக் குற்றவாளி ஆக்காதீர்கள்

நடுத்தர வர்க்க உரையாடல்களில் ஒரு வாதம் அடிக்கடி வரும்: "இலவச அரிசி கொடுத்தார்கள், எல்லோருக்கும் சுகர் வந்துவிட்டது." இதை நாம் உறுதியாக மறுக்க வேண்டும்.

நெல்லை விளைவித்த கைகளுக்கு நெல்லுச்சோறு மறுக்கப்பட்ட வரலாறு நம்முடையது. கூழும் களியும் நமக்கு, சோறு ஊருக்கு என்பதுதான் ஏற்பாடு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் சோறு பார்த்த பெரியவர்கள் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். 1967 தேர்தலில் அரிசி ஒரு பெரும் முழக்கமாக இருந்தது சும்மா அல்ல. எல்லோருக்குமான ரேஷனும் 2011 முதல் கிடைக்கும் விலையில்லா அரிசியும் நம் வீடுகளில் பட்டினியை விரட்டின. பண்ணையாரிடம் கையேந்தாமல் அடுப்பெரிய வைத்தன. சோறு நமக்கு வெறும் மாவுச்சத்து அல்ல. அது நாம் வென்ற மரியாதை.

சிக்கல் அரிசி வந்ததில் இல்லை. அரிசியோடு மற்றவை வராததில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ரேஷனில் மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு. நான்கு பேர் உள்ள குடும்பத்தில் ஒரு நாளைக்கு 33 கிராம், ஆளுக்கு 8 கிராம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பருப்பு, முட்டை, இறைச்சி வகைக்கு ஒரு நாளைக்கு 85 கிராம் அளவு சொல்லப்பட்டிருக்கிறது. எட்டுக்கும் எண்பத்தைந்துக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தைச் சோற்றால்தான் நிரப்புகிறார்கள். வேறு எதனால் நிரப்புவது?

இது நம் வீட்டுக் கதை மட்டும் அல்ல. இந்தியர்கள் உண்ணும் ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொல்கிறது. ஆனால் வசதியுள்ள வீட்டில் அது தேர்வு. நம் வீட்டில் அது விதிக்கப்பட்டது.

இன்னொரு பக்கம் "சிறுதானியத்துக்குத் திரும்புங்கள்" என்ற பிரசாரம். கேழ்வரகு நல்லதுதான், சுண்ணாம்புச் சத்தும் நார்ச்சத்தும் அதிகம். நீலகிரியிலும் தருமபுரியிலும் 2023 முதல் ரேஷனில் அரிசிக்கு ஈடாக இரண்டு கிலோ கேழ்வரகு தருவது வரவேற்க வேண்டிய தொடக்கம். ஆனால் இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. ஒன்று, கடையில் சிறுதானியம் அரிசியைவிட மலிவாகக் கிடைத்த காலம் போய்விட்டது. இரண்டு, சிறுதானியம் என்பதற்காகச் சர்க்கரை ஏறாமல் இருக்காது. அரைத்து நன்றாகக் குழைய வேகவைத்த கேழ்வரகுக் கூழும் சர்க்கரையை வேகமாகவே ஏற்றும். அளவும், கூட எதைச் சேர்த்து உண்கிறோம் என்பதும்தான் முக்கியம். ஒரு கரண்டிச் சோற்றோடு கீரையும் ஒரு முட்டையும் இருந்தால் அது, தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லாத களியைவிட நல்லது.

பட்டினியும் சிகிச்சையாகிவிடும்போது

எங்களை மிகவும் கலங்க வைப்பது இதுதான். ஏழாம் மாதத்தில் சர்க்கரை இருப்பதாகச் சொல்லப்பட்ட ஓர் இளம்பெண், விவசாயக் கூலி. "சோத்தக் கொறைங்கம்மா" என்றார்கள். குறைத்தாள். காலைக் கஞ்சியை விட்டாள், இரவுச் சோற்றைப் பாதியாக்கினாள். பதிலுக்கு வைக்க வீட்டில் ஒன்றும் இல்லை. அடுத்த பரிசோதனையில் எண் இறங்கியிருந்தது. "குட், இப்படியே இருங்க" என்று பாராட்டினார்கள். அவளுடைய எடை கூடவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. குழந்தை இரண்டு கிலோவுக்கும் குறைவாகப் பிறந்தது.

அட்டையில் எண் சரியாக இருந்தது. ஆனால் நடந்தது சிகிச்சை அல்ல, பட்டினி. எடை குறைந்து பிறந்த அந்தப் பெண் குழந்தை, மேலே சொன்ன அதே சுழலின் அடுத்த கண்ணி.

"குறை" என்று சொல்வதற்கு முன் "எதைச் சேர்" என்று சொல்ல வேண்டும். சேர்க்க வழியில்லாதவளிடம் குறைக்கச் சொல்வது மருத்துவ ஆலோசனை ஆகாது. சர்க்கரை உள்ள கர்ப்பிணி எந்த வேளையையும் விடக் கூடாது. மூன்று வேளை அளவான சாப்பாடு, இடையில் இரண்டு மூன்று சிறு தீனி என்று பிரித்து உண்ண வேண்டும் என்பதுதான் அரசின் வழிகாட்டுதலே. இரண்டு வாரம் இப்படி உண்டும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரை 120க்குக் கீழே வரவில்லை என்றால் மாத்திரையோ இன்சுலினோ தர வேண்டும் என்றும் அது சொல்கிறது. ஊசிக்குப் பயந்து சாப்பாட்டை விடும் பெண்கள் இருக்கிறார்கள். இன்சுலின் போட்டால் வாழ்நாள் முழுக்கப் போட வேண்டும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். கர்ப்பகாலச் சர்க்கரைக்காகப் போடும் இன்சுலின் பெரும்பாலும் பிரசவத்தோடு நின்றுவிடும், அது குழந்தைக்குக் கேடு செய்யாது என்பதை நாம் பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

தாளில் எழுதப்படாத உணவுகள்

அந்த உணவுத் தாளில் மாட்டுக்கறி இருக்காது. கருவாடு, நத்தை, வயல் நண்டு இருக்காது. "அசைவம் என்றால் மீன் அல்லது தோல் நீக்கிய கோழி" என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான்.

மாட்டுக்கறி நம் மக்களுக்குக் கைக்கெட்டும் விலையில் கிடைக்கும் புரதம். இரும்புச் சத்தும் வைட்டமின் பி12உம் நிறைந்தது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இரத்தசோகை. பி12 இயற்கையாக விலங்கு உணவுகளில்தான் கிடைக்கும். தாய்க்கு பி12 குறைந்து ஃபோலேட் மட்டும் அதிகமாக இருந்தால், குழந்தைக்குப் பிற்காலத்தில் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போகும் வாய்ப்பு கூடுகிறது என்று அதே புனே ஆய்வு கண்டது. அப்படியிருக்க, கொழுப்பு நீக்கி நன்றாக வேகவைத்த மாட்டுக்கறியை உணவுப் பட்டியலில் எழுத எது தடுக்கிறது? அறிவியல் தடுக்கவில்லை.

"என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்கும்போது நம் பெண்கள் மாட்டுக்கறியைச் சொல்வதில்லை. சொன்னால் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். சொல்லாத உணவுக்கு அளவும் சொல்லப்படாது, சமைக்கும் முறையும் சொல்லப்படாது. இழிவு இப்படித்தான் நோயாளியின் கோப்புக்குள் நுழைகிறது. கூச்சத்தால் தன் உணவை மறைப்பவளுக்கு எந்த உணவு ஆலோசகராலும் உதவ முடியாது. அந்தக் கூச்சத்தை உருவாக்கியவள் அவள் அல்ல.

முருங்கைக்கீரை, தட்டைப்பயறு, கொள்ளு, வேர்க்கடலை, நெத்திலி, மத்தி, முட்டை. இவையெல்லாம் நம் வாயறிந்த உணவுகள். பாதாமுக்குப் பதில் ஒரு கைப்பிடி அவித்த வேர்க்கடலை. ஆப்பிளுக்குப் பதில் ஒரு கொய்யா. ஓட்ஸுக்குப் பதில் முளைகட்டிய பயறு. கருவாட்டில் உப்பு அதிகம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் குறைத்துக்கொள்ள வேண்டும். இப்படி நம் அடுப்பிலிருந்து எழுதப்பட்ட ஒரு தாள் போதும். அதை எழுதப் பெரிய நிபுணர் குழு தேவையில்லை. எங்களோடு உட்கார்ந்து பத்துப் பெண்களிடம் கேட்டால் போதும்.

கூலியும் ஓய்வும்

உணவைப் பற்றி மட்டும் பேசினால் பாதிதான் பேசியதாகும். குளுக்கோஸ் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். போக வர பஸ். ஆக ஒரு நாள் கூலி போய்விடுகிறது. சர்க்கரை இருந்தால் மாதத்தில் பல நாட்கள் வரச் சொல்வார்கள். அத்தனை நாள் கூலியும் போகும். "வேளாவேளைக்குச் சாப்பிடுங்க" என்கிறார்கள். விடியற்காலையில் தெருக் கூட்டப் போகும் தூய்மைப் பணியாளர் எந்த வேளைக்குச் சாப்பிடுவார்? டீயும் வறுக்கியும்தான் அவருடைய காலை உணவு. செங்கல் சூளையிலும் நூற்பாலையிலும் நிற்கும் பெண்ணுக்குச் "சாப்பிட்டவுடன் அரை மணி நேரம் நடங்க" என்ற அறிவுரை எவ்வளவு பொருந்தும்? கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்குத் தூக்கியெறியப்பட்டவர்கள், நகரத்துக்குள் இருக்கும் வேலைக்கு நெடுந்தூரம் போய் வருகிறார்கள். சமைக்கும் நேரமே அங்கே சுருங்கிவிடுகிறது.

அண்ணல் அம்பேத்கர் 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் சார்ந்தது, அதன் செலவை அரசு ஏற்க வேண்டும், அவளது உழைப்பால் பயன்பெறும் முதலாளிக்கும் அதில் பொறுப்பு உண்டு என்பது அவருடைய வாதம். அவரே பின்னாளில் நீரிழிவால் கடுமையாக அவதிப்பட்டவர். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆகின்றன. 2017 திருத்தத்துக்குப் பிறகு அமைப்புசார்ந்த துறையில் வேலை செய்யும் பெண்ணுக்கு 26 வாரச் சம்பளத்தோடு விடுப்பு. நாற்று நடுகிறவளுக்கும் கல் சுமக்கிறவளுக்கும் அது இல்லை. நம் பெண்களில் மிகப் பெரும்பாலோர் இந்த இரண்டாவது வரிசையில்தான் நிற்கிறார்கள்.

அரசு தருவதும் தர வேண்டியதும்

தமிழ்நாடு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய். அதில் 14,000 ரொக்கம் தவணைகளாக, 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். பெட்டகத்தில் சத்துமாவு, பேரீச்சம்பழம், நெய், இரும்புச்சத்து டானிக். அங்கன்வாடியில் வெல்லம் கலந்த இணை உணவு மாவு. எடை குறைந்த, இரத்தசோகை உள்ள பெண்ணுக்கு இவை உதவும். ஆனால் சர்க்கரை உள்ள பெண்ணுக்கும் அதே பெட்டகம், அதே மாவு. அவள் இவற்றை எவ்வளவு உண்ணலாம், எப்போது உண்ணலாம் என்று யாரும் சொல்வதில்லை. சிலர் பயந்து தொடுவதே இல்லை. சிலர் அரசு கொடுத்தது நல்லதுதானே என்று முழுவதையும் உண்டுவிடுகிறார்கள். ஒரு கையால் வெல்ல மாவு கொடுத்து மறு கையால் "இனிப்பு கூடாது" என்று எழுதிக் கொடுப்பது என்ன நியாயம்?

பக்கத்து மாநிலங்களைப் பாருங்கள். தெலங்கானாவில் 2015இல் தொடங்கிய ஆரோக்கிய லட்சுமி திட்டத்தில் கர்ப்பிணிகளுக்கு அங்கன்வாடியில் ஒரு வேளை முழுச் சாப்பாடு, முட்டை, 200 மில்லி பால். கர்நாடகத்தில் 2017இல் மாத்ருபூர்ணா. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சத்துணவில் முட்டை கொடுத்து நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம் நம்முடையது. முட்டைக்குப் பேர்போன நாமக்கல்லும் இங்கேதான். ஒரு முட்டை ஆறேழு ரூபாய் என்று வைத்தால், ஆறு மாதத்துக்குத் தினம் ஒன்று கொடுக்க ஒரு கர்ப்பிணிக்கு 1,100 முதல் 1,300 ரூபாய்க்குள்தான் ஆகும்.

அங்கன்வாடியில் உட்கார்ந்து உண்ணும் திட்டம் என்றால் சாதி குறுக்கே வராதா? வரும். 2023இல் பட்டியல் சாதிப் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகளுக்குத் தர மாட்டோம் என்று கரூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் சிலர் நின்றதைப் பார்த்தோம். அதற்காகத் திட்டமே வேண்டாம் என்று சொல்ல முடியாது. சேரிக்குள்ளேயே அங்கன்வாடி வேண்டும். ஊரும் சேரியும் சேர்ந்து உண்ணும் அங்கன்வாடியும் வேண்டும். மறுப்பவர்கள் மீது சட்டம் பாய வேண்டும்.

எங்கள் கோரிக்கைகள் இவை:

1. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் தினம் ஒரு முட்டை. ரேஷனில் கர்ப்பிணி உள்ள அட்டைக்கு மாதம் கூடுதலாக இரண்டு கிலோ பருப்பு அல்லது பயறு.

2. சர்க்கரை உள்ளவர்களுக்கு வெல்லம் சேராத தனி மாவும், பேரீச்சைக்குப் பதில் வேர்க்கடலை, பயறு கொண்ட தனிப் பெட்டகமும்.

3. பரிசோதனைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் கூலி ஈடு. அமைப்புசாராத் தொழிலாளிகளுக்குக் கடைசி மூன்று மாதமும் பிரசவத்துக்குப் பின் மூன்று மாதமும் ஊதிய ஈடு.

4. மாட்டுக்கறியும் கருவாடும் உட்பட மக்கள் உண்மையில் உண்ணும் உணவுகளைக் கொண்டு, அந்தந்த வட்டாரத்துக்கு எழுதப்பட்ட உணவுத் தாள்.

5. பரிசோதனை, சிகிச்சை, பிறப்பு எடை ஆகிய விவரங்களைச் சாதிவாரியாக வெளியிடுவது. கணக்கில் வராத பாதிப்பு திட்டத்திலும் வராது.

பிரசவத்தோடு முடிவதில்லை

கர்ப்பகாலச் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் குறைந்தது ஏழு மடங்கு. அதனால்தான் பிரசவமாகி ஆறு வாரத்தில் மீண்டும் பரிசோதிக்க வேண்டும், அதன் பிறகு ஆண்டுதோறும் பார்க்க வேண்டும் என்கிறார்கள். நடப்பது என்ன? பிள்ளை பெற்றவள் அம்மா வீட்டுக்குப் போகிறாள். தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கி வருவாள். குழந்தைக்கு ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள். அவளுடைய இரத்தத்தைப் பற்றிக் கேட்க ஆள் இல்லை. பல ஆண்டுகள் கழித்துக் காலில் புண் ஆறாமல் வரும்போதுதான் தெரிகிறது. குழந்தையின் ஆறாம் வாரத் தடுப்பூசி நாளிலேயே தாய்க்கும் சர்க்கரை பார்க்கலாம். "மக்களைத் தேடி மருத்துவம்" வீடு தேடி மாத்திரை கொண்டுவருகிறது. அந்தப் பட்டியலில் இந்தப் பெண்களையும் சேர்த்து ஆண்டுக்கொரு முறை பரிசோதிக்கலாம். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இருப்பவற்றை இணைத்தால் போதும்.

தாய்ப்பால் கொடுப்பதையும் விடாமல் சொல்லுங்கள். அது குழந்தைக்கு மட்டும் அல்ல, தாய்க்குப் பின்னாளில் சர்க்கரை வரும் ஆபத்தையும் குறைக்கிறது.

மாணவர்களும் இளம் தோழர்களும் செய்யக்கூடியவை

உங்கள் தெருவில் இப்போது எத்தனை பேர் கர்ப்பமாக இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். குளுக்கோஸ் பரிசோதனை இரண்டு முறையும் நடந்ததா என்று அட்டையைப் பாருங்கள். நடக்கவில்லை என்றால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கூட்டிப் போங்கள். அவர்களை எதிரியாக நினைக்க வேண்டாம். அவர்களில் பலர் அளவுக்கு மீறிய வேலையோடு தனியாகப் போராடுகிறவர்கள். சர்க்கரை இருந்தால் எடை கூடுகிறதா என்றும் கேளுங்கள். எண் இறங்கியும் எடை கூடவில்லை என்றால் அவள் பட்டினி கிடக்கிறாள் என்று பொருள். அதை மருத்துவரிடம் எடுத்துச் சொல்ல அவளோடு ஒருவர் போங்கள். நாட்டு மருந்து என்று சொல்லி மாத்திரையையோ ஊசியையோ நிறுத்த விடாதீர்கள்.

வீட்டுக்குள்ளும் ஒரு வேலை இருக்கிறது, இது தம்பிகளுக்கு. எல்லோரும் உண்ட பிறகு சட்டியில் மிஞ்சியதை உண்ணும் வழக்கம் சேரியிலும் இருக்கிறது. குழம்பிலிருக்கும் கறித்துண்டு முதலில் ஆண்களின் தட்டுக்குப் போகிறது. ஊரின் ஆதிக்கத்தை எதிர்த்துப் பேசிவிட்டு வீட்டில் அதையே செய்ய முடியாது. கர்ப்பிணி முதலில் உண்ணட்டும், முட்டை அவளுக்குப் போகட்டும்.

அடுத்த கிராமசபையில் கர்ப்பிணிகளுக்கு முட்டையும் பயறும் கேட்டு ஒரு தீர்மானம் கொடுங்கள். சாலைக்கும் விளக்குக்கும் தீர்மானம் போடுகிறோம். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் போடுவோம். அக்காக்களும் தங்கைகளும் முன்வரிசையில் உட்காரட்டும். என்ன சாப்பிடுகிறோம், என்ன கிடைக்கவில்லை என்பதை அவர்கள் வாயாலேயே சொல்லட்டும். மாட்டுக்கறி என்று சொல்லும்போது குரலைத் தாழ்த்த வேண்டாம்.

ஜெய் பீம்.